காய்ந்த பூவில் வாசல் வளையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நெற்கதிரும் வைத்துக் கட்டும் வாசல் வளையம் பற்றி அக்கம்பக்கத்தில், கல்யாண வீடுகளில், பூ மார்க்கெட்டில், போனில் என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே ஒன்றாக எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்க்கும் ஐரோப்பிய வளையத்தை அப்படியே செய்ய வேண்டும் என்று லாவெண்டரைத் தேடி அலைய வேண்டாம். நம் பூ மார்க்கெட்டிலும் வயல் வரப்பிலும் கிடைப்பதே தாராளம். நம் ஊர் மழையையும் வெயிலையும் பார்த்துக் காயவைக்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

மலர்வளையம்னாலே சாவு வீடுதானே ஞாபகம் வருது? அதை வாசல்ல மாட்டலாமா?

கேட்பதில் தப்பே இல்லை. பெரியவர்கள் உள்ள வீட்டில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். ஆனால் துக்க வீட்டுக்குப் போவது பச்சைப் பூவை நெருக்கமாகச் செருகி, பெயர் எழுதிய பட்டை குறுக்கே ஒட்டிய வளையம். காய்ந்த பொருளை வாசலில் கட்டுவது நமக்குப் புதிதில்லை. நெற்கதிர்க் குஞ்சம், வெட்டிவேர்த் தோரணம், அடுத்த பண்டிகை வரை அப்படியே காய்ந்து தொங்கும் மாவிலை எல்லாம் அந்த வகைதான்.

வீட்டில் யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். முழு வட்டமாகப் பூ வைக்காமல் கீழ்ப்பாதியில் மட்டும் பிறை மாதிரி கட்டி, மேலே அடிவளையமாகச் சுற்றிய கொடியைத் தெரியவிடுங்கள். வெள்ளைப் பூவைக் குறைத்து மஞ்சள், சிவப்பு, கதிர் நிறம் கொண்டுவாருங்கள். பார்க்கவும் அதுதான் அழகு. முழு வட்டத்தை அடைத்துக் கட்டுவது எனக்குப் பிடிப்பதே இல்லை.

எந்தப் பூ காய்ஞ்சாலும் கலர் போகாது?

கலர் போகாத பூ கிடையாது. மெதுவாகப் போகும் பூ உண்டு. அதில் முதல் இடம் வாடாமல்லிக்கு. நாம் பூ என்று பார்க்கும் அந்த ஊதாப் பந்து, இதழ்களால் ஆனதில்லை. செடியிலேயே காகிதம் மாதிரி உலர்ந்து நிற்கும் பூவடிச் செதில்கள் அவை. நிஜமான பூ அவற்றுக்கு நடுவே சின்னதாக எட்டிப்பார்க்கும். தண்ணீரே அதிகம் இல்லாததால் சுருங்குவதற்கும் ஒன்றும் இல்லை. காகிதப்பூவும் (போகன்வில்லா) இதே ரகம்.

அடுத்து கோழிக்கொண்டை. காய்ந்தாலும் வெல்வெட் தன்மை போகாது. கறுப்பு விதை கொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் கட்டுவதற்கு முன் ஒரு தாளின் மேல் நன்றாக உதறுங்கள். அந்த விதையைத் தொட்டியில் தூவினால் முளைக்கும். ஊட்டி, கொடைக்கானல் போனால் காகிதம் மாதிரி மொடமொடவென்றிருக்கும் ஹெலிகிரைசம் பூ கொத்தாகக் கிடைக்கும். பாதி விரிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். காயும்போது மீதி விரியும், முழுதாக விரிந்ததை வாங்கினால் நடுப்பகுதி பிதுங்கி உதிர்ந்துவிடும். வாசனைக்கு மரிக்கொழுந்தை மிஞ்ச ஆள் இல்லை.

மல்லிகை, முல்லை, சம்பங்கி, செம்பருத்தி நான்கையும் மறந்துவிடுங்கள். பழுப்பாகிச் சுருண்டுவிடும்.

பூ மட்டும்தானா? வேற எதுவும் வைக்கலாமா?

பூவை விட மற்றதுதான் வளையத்துக்கு உருவம் கொடுக்கும் என்பது என் எண்ணம். நெற்கதிர், தினைக்கதிர், கம்பங்கதிர், சவுக்குக் காய், பருத்தி வெடித்த பிறகு மிஞ்சும் ஓடு, தாமரைக் காய், நாணல் பூ எல்லாம் வைக்கலாம். வாகை மரத்தடியில் கொட்டிக்கிடக்கும் நெற்று எனக்கு மிகவும் பிடித்தது. வைக்கோல் நிறத்தில் தட்டையாக, உள்ளே விதை பொட்டுப் பொட்டாகத் தெரியும். காற்றடித்தால் கலகலவென்று சத்தம் போடும். நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு சில்வர் ஓக் இலை கிடைக்கும். அடிப்பக்கம் வெள்ளிபோல் இருக்கும், திருப்பி வைத்துக் கட்ட வேண்டும்.

கதிரை முழுதாக முற்றவிடாதீர்கள். கொஞ்சம் பச்சை இருக்கும்போதே அறுத்துக் காயவைத்தால் மணி உதிராது. வாசலில் மாட்டினால் குருவி வந்து கொத்தும். அது கொத்திவிட்டுப் போகட்டும், கதிரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக் காய், நெற்று, ஓடு, பூ எல்லாவற்றையும் உலர்த்தி, வெளுத்து, சாயமேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் தூத்துக்குடியில் பெரிதாக நடக்கிறது. மழை குறைவான ஊர், பக்கத்திலேயே துறைமுகம். ஃபேன்சி ஸ்டோரில் அடர்நீலத்தில், பளீர்ப் பச்சையில் காய்ந்த பூ பார்த்தால் அது சாயம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மார்க்கெட்ல வாடாமல்லி உதிரியாத்தான் கிடைக்குது. காம்பில்லாம எப்படிக்கா கட்டுறது?

மாலைக்காகவே வருவதால் தலையை மட்டும் கிள்ளி எடை போட்டுத்தான் தருவார்கள். வாங்கிய அன்றே கம்பிக் காம்பு போட்டுவிடுங்கள். 26 கேஜ் மெல்லிய கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பூவின் அடிப்பக்கம் நடுவில் குத்தி மேலே வரவிடுங்கள். மேல் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கீழே இழுத்தால் கொக்கி செதில்களுக்குள் போய் மறைந்துவிடும். பூ காயக் காயக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு குத்தினால் பூ பிளந்துபோகும்.

பொறுமை இல்லாதவர்கள் ஊசி நூலில் சரமாகக் கோத்துக் காயவைத்து, அந்தச் சரத்தையே வளையத்தில் சுற்றலாம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். மாடியில் நாலு தொட்டி இருந்தால் நீங்களே வளர்ப்பது இன்னும் நல்லது. விதைத்து ரெண்டரை, மூன்று மாதத்தில் பூக்கும், நீளக் காம்போடு அறுக்கலாம். மார்கழிக் கடைசியில் விதைத்தால் காயவைக்கத் தோதான நேரத்தில் பூ வரும்.

எப்ப வாங்குறது? நாளுக்கு ஒரு விலையா இருக்கே!

ஓணம் நெருங்கும்போது தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வாடாமல்லி, செவ்வந்தி எல்லாம் அத்தப்பூக்களம் என்ற பூக்கோலத்துக்கு மூட்டை மூட்டையாகக் கேரளாவுக்குப் போகும். அந்த நாட்களில் விலை ஏறும். ஆயுத பூஜைக்கு முன்னாலும் செவ்வந்தி, கோழிக்கொண்டை அப்படித்தான். பண்டிகையும் முகூர்த்தமும் இல்லாத நாளில் போனால் அதே பூவைக் குறைந்த விலையில் பொறுக்கி எடுக்கலாம். காலையில் பனி ஈரம் இருக்கும்போது வாங்காமல், வெயில் ஏறி ஈரம் உலர்ந்த பிறகு வாங்குங்கள். தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டிவைத்த பூ வேண்டவே வேண்டாம்.

வெயில்ல போட்டா ரெண்டு நாள்ல காயுமே, ஏன் வேண்டாங்கறீங்க?

வற்றலுக்குச் சரி. பூவுக்கு நேர் வெயில் நிறத்தைத் தின்றுவிடும். வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ மூன்றிலும் இருப்பது பீட்ரூட்டில் இருக்கும் அதே வகைச் சாயம்தான். வெளிச்சத்தில் வெளுக்கும், தண்ணீரில் கரையும். ஆகவே இருட்டு, காற்றோட்டம், உலர்ந்த இடம் மூன்றும் வேண்டும். பரண் அடி, அதிகம் திறக்காத அறை, மாடிப்படிக்குக் கீழே என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறையும் குளியலறைப் பக்கமும் ஆகாது.

கையளவு சின்னக் கொத்தாகக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பெரிய கொத்தின் நடுவில் பூஞ்சை பிடிக்கும். கயிற்றில் முடிவதை விட ரப்பர் பேண்ட் மேல். காம்பு சுருங்கும்போது அதுவும் சேர்ந்து சுருங்கும், கொத்து நழுவாது. இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும்.

காய்ஞ்சிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதழைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது முதலிலேயே காய்ந்துவிடும். பூவுக்குக் கீழே இருக்கும் கழுத்தைப் பாருங்கள். வளைத்தால் வளையக் கூடாது, சட்டென்று முறிய வேண்டும். வாடாமல்லி, கோழிக்கொண்டை இரண்டுக்கும் வெளியே மொடமொடப்பும் உள்ளே ஈரமும் இருக்கும். ஒன்றைப் பிய்த்து நடுவில் விரல் வைத்துப் பாருங்கள்.

சந்தேகமாகவே இருந்தால் நாலு பூவைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் உள்பக்கம் பனித்திருந்தால் இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும்.

நான் சென்னையில இருக்கேன். மூணு வாரமாகியும் பூ வதவதன்னே இருக்கே?

கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, பூ எங்கே கொண்டுபோய்த் தன் ஈரத்தை விடும்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முயற்சியே செய்யாதீர்கள். தை முதல் வைகாசி வரை உள்ள மாதங்கள் தோதானவை. மதுரை, கோவை, சேலம் பக்கம் இந்தக் கஷ்டம் குறைவு.

அவசரம் என்றால் ஏசி ஓடும் அறையில் தொங்கவிடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை இழுத்துவிடும். ஏசி இல்லாவிட்டால் ஃபேன் காற்று நேராகப் படாமல் அறைக்குள் சுழலும்படி விடலாம். மூன்றாவது வழி அடுத்த கேள்வியில் வருகிறது.

சிலிக்கா ஜெல் வாங்கித்தான் ஆகணுமா? மணல்ல புதைச்சா ஆகாதா?

ஆகும். சலித்து, பலமுறை கழுவி, நன்றாக வறுத்து ஆறவைத்த நுண்ணிய ஆற்றுமணல் போதும். டப்பாவில் ஒரு படுக்கை மணல் போட்டு, பூவை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து மெதுவாக மணலைச் சரியவிட்டு நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் இதழ் நசுங்கும். மணல் தானாக ஈரத்தை உறிஞ்சாது, உருவம் கலையாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதனால் டப்பாவை மூடாமல் உலர்ந்த இடத்தில் இரண்டு, மூன்று வாரம் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மணல் கைவிடும்.

சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சும். டப்பாவை இறுக மூடிவைத்தால் செவ்வந்தி மூன்று முதல் ஐந்து நாள், ரோஜா ஒரு வாரத்துக்குள் தயாராகும். குண்டு மணி மாதிரி இருப்பது இதழில் தழும்பு போடும், மணல் போன்ற பொடியாகக் கேட்டு வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடம்புக்குக் கெடுதல். ஆரஞ்சு நிற ரகத்தை எடுங்கள். ஈரம் ஏறி நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும், பலமுறை பயன்படுத்தலாம். இதற்குச் சமைக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள், தூள் கிளம்பும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அக்கா, சிவப்பு ரோஜா வச்சேன், கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. ஏன்?

சிவப்பு ரோஜா காய்ந்தால் எல்லோருக்கும் கறுக்கும். தண்ணீர் போனதும் சாயம் செறிவாகி அடர்ந்துவிடுகிறது. சிவப்பாகத் தெரிய வேண்டும் என்றால் அடர் ரோஸ் நிறத்தையோ ஆரஞ்சு கலந்த சிவப்பையோ எடுங்கள். இளம் ரோஸ் அழகாக நிற்கும், வெள்ளை பழுப்பாகும். மஞ்சள், ஆரஞ்சு துலுக்கச் சாமந்தியின் சாயம் வேறு வகை என்பதால் காய்ந்தாலும் ஓரளவு அதே நிறத்தில் இருக்கும். ரோஜாவைப் பாதி விரிந்தபோதே காயப்போடுங்கள்.

அடியில வைக்கிற வளையத்துக்கு என்ன பண்றது? கடையில வாங்கணுமா?

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் ஆள் தெரிந்தால் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்து கழித்த கொடியைக் கேளுங்கள். வளையத்துக்கு அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கொடி காய்ந்திருந்தால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வட்டமாக வளைத்து, நுனியை மேலும் கீழுமாகப் பின்னிக்கொண்டே போனால் கட்டே இல்லாமல் நிற்கும். வீட்டு மல்லிகைக் கொடியை வெட்டிவிடும்போது கிடைப்பதும் சரிதான்.

மூங்கில் பிளாச்சை வளைத்தும் செய்யலாம். எதில் செய்தாலும் வளையம் முழுதாகக் காய்ந்த பிறகே பூவைக் கட்டுங்கள். ஈரக் கொடியில் கட்டிய பூ அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

எங்கிருந்து ஆரம்பிச்சு எப்படிக் கட்டணும்?

முதலில் கொத்துகள் தயாராக வேண்டும். பின்னால் ஒரு கதிர் அல்லது புல், நடுவில் கோழிக்கொண்டை, முன்னால் குட்டையாக இரண்டு வாடாமல்லி என்று விரல் நீளத்துக்குச் சேர்த்து நூலால் கட்டிவையுங்கள். ஒரு அடி அகல வளையத்தை முழுதாக மூட 25 முதல் 30 கொத்து தேவைப்படும். பிறை என்றால் அதில் பாதிக்கும் குறைவு.

கம்பியை வளையத்தில் முடிந்துகொண்டு முதல் கொத்தை வைத்துக் காம்பின் மேல் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அடுத்த கொத்தின் தலை முதல் கொத்தின் காம்பை மூடும்படி வைத்து மறுபடி சுற்றுங்கள். நடுவில் கம்பியை அறுக்கக் கூடாது. பூக்கட்டத் தெரிந்த கைக்கு இது உடனே வந்துவிடும், ஒரே திசையில் போவதும் முந்தின காம்பை அடுத்த பூ மறைப்பதும் அதே கணக்குதான். ஒரு கொத்து உள்பக்கம், ஒன்று வெளிப்பக்கம், ஒன்று நேராக என்று சாய்த்துச் சாய்த்து வைத்தால் வளையம் தட்டையாக இருக்காது. பிறை கட்டும்போது இரண்டு முனையிலிருந்தும் நடுவுக்கு வந்து, சந்திக்கும் இடத்தை ஒரு பெரிய கோழிக்கொண்டையால் மூடுங்கள். அடை மழை நாளில் கட்டாமல் லேசான ஈரக்காற்று உள்ள காலை நேரத்தில் கட்டினால் பூ கொஞ்சம் இளகியிருக்கும், உதிராது.

பசை போட்டு ஒட்டினா வேலை சீக்கிரம் முடியுமே?

காய், நெற்று, சவுக்குக் காய்க்கு ஹாட் குளூ, அதாவது சூட்டில் உருக்கி ஒட்டும் பசை, சரி. பூவுக்குக் கம்பிதான் என் கட்சி. மேற்குப் பார்த்த கதவில் சித்திரை வெயில் நேராகப் பட்டால் அந்தப் பசை இளகி, மாலைக்குள் பூ தரையில் கிடக்கும். கம்பிக்குப் பதில் வாழைநார் கேட்பவர்களும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் காயக் காயத் தளரும். சணல் பரவாயில்லை.

ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா பொடிப்பூ நிறைய பூத்திருக்கே, இடையில செருகலாமா?

தொடவே தொடாதீர்கள். பூங்கொத்தில் வைக்கும் ஜிப்சோஃபிலா மாதிரி தெரிவது பெரும்பாலும் பார்த்தீனியம் என்ற களைச்செடி. தோலில் அரிப்பு, தடிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு வரை கொண்டுவரும். காய்ந்தாலும் அந்தக் குணம் போகாது.

குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அரளியும் செங்காந்தளும் வேண்டாம், இரண்டும் காய்ந்த பிறகும் விஷம். குன்றிமணியும் அப்படித்தான். சிவப்பும் கறுப்புமாக ஆசையாக இருக்கும், கடித்து விழுங்கினால் ஒரு மணியே ஆபத்து. மலையில் குறிஞ்சி பூத்தால் பறித்துவரச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரம், பறித்தால் குற்றம்.

கல்யாண மாலையை எறிய மனசில்லை. அதுல வளையம் பண்ண முடியுமா?

முழு மாலையும் தேறாது, ஆனால் ஞாபகத்துக்கு ஒரு வளையம் கட்டாயம் தேறும். அன்று சாயங்காலமே மாலையைப் பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுவீடு முடிந்து எடுத்தால் அழுகியிருக்கும். சம்பங்கியையும் மல்லிகையையும் ஒதுக்கிவிட்டு, ரோஜா மொட்டு, மரிக்கொழுந்து, ஏலக்காய், வெட்டிவேர், ஜரிகைக் குஞ்சம் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜாவை மேலே சொன்னபடி சிலிக்கா ஜெல்லில் போடுங்கள், மரிக்கொழுந்தைத் தொங்கவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே கேட்பவர்களுக்கு, பூக்காரரிடம் மாலையில் கொஞ்சம் வாடாமல்லி சேர்க்கச் சொல்லுங்கள் என்பேன். பிறகு வேலை சுலபம்.

எத்தனை நாள் வரும்? மேல ஏதாவது அடிக்கணுமா?

வெயிலும் சாரலும் படாத இடத்தில் ஒரு வருடம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வெளுத்துத் தூசி படியும். வாடாமல்லிச் சாயம் தண்ணீரில் கரையும் என்று சொன்னேன் இல்லையா, நனைந்தால் வெள்ளைச் சுவரில் ஊதாக் கறை இறங்கிவிடும். மழைக்காலத்தில் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிடுங்கள். பாலித்தீன் கவர் வேண்டாம், உள்ளே வேர்க்கும்.

ஸ்ப்ரே வார்னிஷ் லேசாக ஒருமுறை அடித்தால் கதிரும் நாணல் பூவும் உதிராது. வெளியில் வைத்து அடியுங்கள். தூசிக்குப் பெயின்ட் பிரஷ் போதும்.

உள்ள பொடிப்பொடியா வண்டு வருது. வேப்பிலை வச்சும் போகலையே?

உள்ளே குடியேறிய பூச்சிக்கு வேப்பிலை போதாது. மாவு மாதிரித் தூள் கொட்டினால் பெரும்பாலும் சிகரெட் வண்டு, மசாலா டப்பாவிலும் வருமே அதேதான். வளையத்தைக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும் வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் பூ மேலே நீர் கோக்கும். கதிர், நெற்று வைத்த வளையத்தை மாட்டுவதற்கு முன்பே இப்படி ஒருமுறை வைத்துவிடுவது நல்லது.

திருக்கார்த்திகைக்கு வளையத்தைச் சுத்தி அகல் வச்சா நல்லா இருக்குமே?

வேண்டவே வேண்டாம். காய்ந்த பூவும் கதிரும் நொடியில் பற்றிக்கொள்ளும், வார்னிஷ் அடித்திருந்தால் இன்னும் வேகம். கதவும் மரம். வாசலில் விளக்கு வைக்கும் நாட்களில் வளையத்தைக் கழற்றி உள்ளே வையுங்கள். தீபாவளிக்கும் அப்படியே. பூஜை மாடத்துக்கு மேலேயும் மாட்டாதீர்கள்.

பொண்ணு ஆஸ்திரேலியாவுல இருக்கா. பார்சல்ல அனுப்பலாமாம்மா?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டு நாடுகளுக்கும் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். காய்ந்த செடி, பூ, விதை, காய் எதுவானாலும் அறிவிக்க வேண்டும். நெற்கதிரும் விதையுள்ள நெற்றும் அங்கே பிடித்துவைத்து அழிக்கப்படவே வாய்ப்பு அதிகம். மறைத்து எடுத்துப்போனால் அபராதம். மற்ற நாடுகளுக்கும் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஆசையாக இருந்தால் கம்பிக் காம்பு போடும் முறையை வீடியோ காலில் சொல்லிக்கொடுங்கள். வாடாமல்லி அந்த ஊர் நர்சரிகளில் கிடைக்கும், ஹெலிகிரைசத்துக்குப் பிறந்த ஊரே ஆஸ்திரேலியாதான்.